மேலே தெரிவது கால், கீழே தெரிவது வண்டி

கார் பூவரச மரத்தடியில் நின்றது. முன்பக்க விளக்கு ஒன்று உடைந்திருந்தது. அந்த ஓட்டையில் மகள் ரேகா ஒரு பாலித்தீன் பையை வைத்து ஒட்டியிருந்தாள். மழைக்காக இல்லை, இது கத்திரி வெயில் காலம். விட்டால் அணில் உள்ளே போய்க் கூடு கட்டிவிடும் என்றுதான். பூவரசம் பூ விழுந்து விழுந்து காரின் கூரை மேல் காய்ந்து சருகாகக் கிடந்தது. விடிந்ததும் ஈரத்துணியோடு அந்தக் காரைச் சுற்றி வருகிற மனுஷன் சுப்புராயன். இப்போது அந்தப் பக்கம் முகத்தைக்கூடத் திருப்பாமல் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, இன்னொரு நாற்காலியில் வலது காலைத் தூக்கி வைத்திருந்தார்.

கிள்ளையிலிருந்து சிதம்பரத்துக்கு அந்தக் காரில்தான் நர்சுப் பெண்களும் டீச்சர்களும் போய் வந்தார்கள். காலையில் கொண்டுபோய் விடுவார், சாயங்காலம் ஏற்றிக்கொண்டு வருவார். நடுவில் ஒரு புங்கமர நிழலில் வண்டியை ஓரம் கட்டி, சீட்டைச் சாய்த்துத் தூங்குவார். காருக்கு முன்னால் லாரி ஓட்டினார். லாரிக்கு முன்னால் டிராக்டர். மிதிக்கிற வேலையைத் தவிர வேறு எதுவும் பழகாத கால் அது.

அந்தக் காலில்தான் சர்க்கரை வந்து இறங்கியது. போன ஐப்பசியில் சுண்டுவிரலை எடுத்தார்கள். அதோடு போயிற்று என்றார்கள். ஆனால் பாதம் மரத்துப்போனது மரத்துப்போனதுதான். ரேகா ஆஸ்பத்திரியில் சொல்லி வாங்கி வந்த பட்டை வைத்த, சர்க்கரைக்காரர்களுக்கான எம்.சி.ஆர். செருப்பைப் போட்டுக்கொண்டு நடப்பார். செருப்பு கழன்று விழுந்தால் தெரியாது. வெறுங்காலோடு நடந்துகொண்டே இருப்பார். பின்னால் யாராவது செருப்பை எடுத்துக்கொண்டு ஓடி வந்து, "யோவ், இது ஒன்னுதா பாரு" என்பார்கள்.

அப்படியும் வண்டியை விடவில்லை. "நடக்கறதுக்குத்தான் காலு மரத்துப்போச்சு, ஓட்டறதுக்கு இல்ல" என்பார். ஸ்டியரிங்கில் உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றி சீட்டுக்குக் கீழே தள்ளிவிடுவார். வெறுங்காலால் மிதித்தால்தான் வண்டி என்ன சொல்கிறது என்று தெரியும் என்பது அவர் கட்சி.

பிறகு அந்த நாள் வந்தது. ரயில்வே கேட் மூடியிருந்தது. முன்னால் ஐஸ் பெட்டி ஏற்றிய ஒரு மினி லாரி. சுப்புராயன் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். எடுத்ததாகத்தான் அவருக்குத் தெரியும். வண்டி அடங்கவில்லை, உறுமிக்கொண்டே போனது. பிரேக் மிதிக்க ஒரு நொடி பிந்திவிட்டது. லாரியில் இடிக்கக்கூடாது என்று ஒடித்தார். ஒடித்த பக்கத்தில் மங்கலத்தின் இளநீர்க் கடை. கீற்றுக் கொட்டகைக்குள் பாதி கார் போய் நின்றது. இளநீர் எல்லாம் தண்டவாளம்வரை உருண்டு போயிற்று. மங்கலம் வெட்டுக்கத்தியைக் கையில் பிடித்தபடியே பக்கத்து வாய்க்காலில் குதித்திருந்தாள்.

யாருக்கும் பெரிய அடி இல்லை. முன்சீட்டில் இருந்த ஜான்சி டீச்சர் இறங்கி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சொன்னார்: "அண்ணே, நீங்க கால எடுக்கவே இல்லண்ணே. நான் பாத்துகிட்டுதான் இருந்தேன்."

சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் சுப்புராயன் அன்றைக்கே மறந்திருப்பார். டீச்சர் மெதுவாகத்தான் சொன்னார். அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

ஊரில் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். சர்க்கரைக் காலை வைத்துக்கொண்டு இவருக்கு எதற்கு வண்டி என்றார்கள். தெருப் பையன்கள் காரைத் தள்ளிக்கொண்டு வந்து மரத்தடியில் விட்டதோடு சரி. அதற்குப் பிறகு யாரும் சாவியைத் தொடவில்லை. ரேகா சிதம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். அங்கே வந்த காட்டுமன்னார்கோயில்காரர் ஒருவரிடம் கார் இருக்கிற சேதியைச் சொன்னாள். ராமாமிர்தம் என்று பெயர். அரிசி மில்லில் மேஸ்திரி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து பார்க்கிறேன் என்றிருந்தார்.

அந்த ஞாயிறுதான் இது.

மனைவி பொன்னியின் தம்பி கலைமணி வெயில் ஏறுவதற்குள் வந்துவிட்டான். கடலூர் செம்மண்டலத்தில் அவனுக்குச் சின்னதாக ஒரு மெக்கானிக் ஷெட். பைக்கின் பின்னால் ஒரு பெட்டியும், மடியில் துணி சுற்றிய புது விளக்குமாக வந்தான்.

"என்னா மாமா, ஆளு பூரிச்சிட்ட?"

"ஒக்காத்தி வச்சி சோறு போட்டா பூரிக்காம? வா மச்சான். வெயில்ல வந்திருக்க, மோர் குடி."

"மோர் அப்பறம். லைட்ட மாட்டிட்டு, பம்பர இழுத்துக் கட்டிட்டுப் போயிடறேன். விக்கிற வண்டிக்கு அதுக்கு மேல என்னாத்துக்கு?"

விக்கிற வண்டி என்றதும் சுப்புராயன் நாற்காலிக் கைப்பிடியைச் சுரண்டினார்.

காரை நிழலுக்குள் இன்னும் கொஞ்சம் தள்ளலாம் என்று கலைமணி சாவியைப் போட்டான். வண்டி ஒரே உறுமலாக உறுமியது. மரத்திலிருந்த காக்கை எழுந்து பறந்தது. கலைமணி இரண்டு காலையும் தரையில் ஊன்றி, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மிதி எதிலும் அவன் கால் இல்லை. வண்டி பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தது.

"மாமா, இது எத்தினி நாளா இப்பிடிக் கத்துது?"

"காலையில ஸ்டார்ட் பண்ணா கொஞ்சம் கத்தும். அப்பறம் அடங்கிடும். பெட்ரோல் வண்டின்னா அப்பிடித்தான்."

"அப்பிடித்தான்னு ஒனக்கு யாரு சொன்னா?" சாவியை அணைத்துவிட்டு மீட்டரை உற்றுப் பார்த்தான். "இன்னா இது? மீட்டர்ல பொட்டு வச்சிருக்கு!"

மீட்டர் கண்ணாடியின் ஓரத்தில் ஒரு கருஞ்சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது. கலைமணி நகத்தால் பெயர்த்தான். அதன் கீழே இஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது.

"எப்பப் பாத்தாலும் எரிஞ்சிகிட்டே இருந்துச்சி மச்சான். ஏர்ற பொண்ணு எல்லாம் அண்ணே லைட்டு எரியுது, அண்ணே லைட்டு எரியுதுன்னு உசிர வாங்குச்சிங்க. மூடிட்டேன்."

"வண்டி நெருப்பே புடிச்சாலும் நீ பொட்டுதான் வப்ப மாமா."

குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்த ரேகா நிமிர்ந்தாள். "அதான் எம்பொட்டு அட்டையில ஒண்ணு ஒண்ணா கொறஞ்சுதா? நான் அம்மாவ இல்ல சந்தேகப்பட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். சுப்புராயனும் சிரித்தார். அந்த வீட்டில் சிரிப்பு கேட்டுக் கொஞ்ச நாளாயிற்று.

கலைமணி பெட்டியிலிருந்து கையகல மிஷின் ஒன்றை எடுத்தான். அதன் வயரை ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த துளையில் செருகினான். திரையில் என்னென்னவோ ஓடி, கடைசியில் இரண்டு எண் மட்டும் நின்றது.

"மாமா, இங்க வந்து ஒக்காரு."

"நான் எதுக்கு?"

"ஓட்ட வேணாம். இஞ்சினே போடல. சும்மா ஒக்காந்து மிதி."

சுப்புராயன் எழுந்து வந்தார். சீட்டில் உட்கார்ந்ததும் கை தானாகச் செருப்பைக் கழற்றியது.

"முன்னல்லாம் ஆக்சிலேட்டர்லேர்ந்து இஞ்சினுக்கு கம்பி போவும். நீ மிதிச்சா கம்பி இழுக்கும். இதுல கம்பி கெடையாது. நீ எவ்வளவு மிதிக்கிறன்னு மிதியில ஒரு கண்ணு பாக்குது. அது சொல்றத கேட்டு, அங்க காத்து போற கொழாயில ஒரு சின்ன மோட்டாரு மூடியத் தொறக்குது. புரியுதா? மேல இருக்கற நம்பரு ஒன் காலு. கீழ இருக்கறது வண்டி. மிதி."

மிதித்தார். மேலே எண் ஏறியது. கீழேயும் ஏறியது.

"இப்ப கால முழுசா தூக்கிடு."

சுப்புராயன் முழங்காலை மடக்கி, காலை வெளியே எடுத்து, கதவுக்கு வெளியே தொங்கப் போட்டார். மேலே எண் இறங்கி சைபரில் நின்றது. கீழே இருந்த எண் பாதி இறங்கி அப்படியே நின்றுவிட்டது.

கலைமணி வயரை ஒரு தடவை அழுத்திப் பார்த்தான். மறுபடி செய்யச் சொன்னான். மறுபடியும் அப்படியே. கால் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. வண்டி மட்டும் இன்னும் யாரோ மிதிக்கிற மாதிரி திறந்து கிடந்தது.

"மாமா, மூடி சிக்குது. நீ கால எடுத்தாலும் அது மூடல."

சுப்புராயன் தொங்கிய காலையும் மிஷினையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்பன்னா வண்டிதானா?"

"வண்டி கெட்டிருக்கு. அதுல சந்தேகம் இல்ல."

"என் காலு இல்ல."

"தோ மிஷின் சொல்லுதே."

"ஏய் பொன்னி! பொன்னி! இங்க வாடி! ரேகா, நீயும் வா! வந்து பாருங்க! எங்காலு வெளிய தொங்குது, வண்டி நம்பரு எறங்காம நிக்குது பாரு!"

பொன்னி பின்பக்கம் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். கையில் ஓட்டோடு ஓடி வந்தாள். என்னவோ ஏதோ என்று பயந்து வந்தவள், அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றாள். இப்படி ஒரு முகத்தை அவள் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

"அந்த ஜான்சி டீச்சருக்குப் போன் போடு," என்றார். ரேகா தயங்கினாள். அவரே தன் போனை எடுத்துப் போட்டார். மணி அடித்து அடித்து நின்றது. கோயிலுக்குப் போயிருக்கும், மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பூசை இருக்குமே என்றாள் பொன்னி. சரி, வரட்டும், பிறகு போடுவார்கள் என்று போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கலைமணி பானெட்டைத் தூக்கி நிறுத்தினான். "மூடி எதனால சிக்குதுன்னு பாக்கணும். எண்ணெப் பிசுக்கா இருக்கும். இல்லன்னா மோட்டாரு போயிருக்கும். மோட்டாரு போயிருந்தா புதுசுதான்." காற்று வடிகட்டிப் பெட்டியின் கொக்கிகளை விரலால் நெம்பித் திறந்தான். மூடியைத் தூக்கியவன் அப்படியே நின்றான்.

உள்ளே சிவப்பாக இருந்தது. வடிகட்டிக்கு மேல்பக்கம், குழாய் தொடங்குகிற இடம்வரை, சிவப்பு. ஒரு துண்டு செய்தித்தாள் பொடிப்பொடியாகக் கிழிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. சூட்டில் இற்றுப்போன ரப்பர் பேண்டு ஒன்று புழு மாதிரி கிடந்தது. குழாயைக் கழற்றி அந்தப் பக்கம் பார்த்தான். இஞ்சினுக்குள் காற்று போகிற வாயில், பித்தளை நிறத் தட்டைச் சுற்றி, எண்ணெயும் சிவப்பும் கலந்து களிம்பாக அப்பியிருந்தது.

"என்னாடா இது, ரத்தம் மாதிரி?" என்றார் சுப்புராயன்.

கலைமணி விரலில் தொட்டு முகர்ந்தான். "குங்குமம்."

பொன்னி கையிலிருந்த இறால் ஓட்டைக் கீழே போட்டுவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தாள். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"நான்தான் வச்சேன்," என்றாள்.

"நீயா? எப்ப?"

"வெரல எடுத்துட்டு ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தோமே, அப்ப. தில்ல காளி கோயில்ல வேண்டிகிட்டு பொட்டலம் வாங்கியாந்தேன். இந்தக் காலு இன்னும் மேல போவக்கூடாதுன்னு."

"அத டேஷ்போர்டுல வைக்கறதுதான யக்கா? ஊரே அங்கதான வைக்குது."

"அங்க எப்பிடிடா வைக்கறது? நாலு பேரு ஏர்ற வண்டி. கறிமீனு சாப்ட்டுட்டு வராங்க, வூட்டுக்குத் தூரமானதுங்க வருது, ஒருத்தி கால நீட்டி அது மேலயே வைக்கிறா. இது வேற காளி குங்குமம். கண்ட தீட்டும் படக்கூடாது. வெரல எடுக்கறதுக்கு முன்னல்லாம் இவுரு ஞாயித்துக்கிழம இந்தப் பெட்டியத் தொறந்து ஊதிட்டு மூடுவாரு, நான் பாத்திருக்கேன். உள்ள சுத்தமா இருந்துச்சி. தண்ணி படாது, கையி படாது. வண்டிக்கு நெஞ்சாங்கூடு மாதிரி. அதான் மேல் மூடில இடுக்கி வச்சேன்."

"அக்கா, அந்தப் பெட்டி வழியாதான் வண்டி மூச்சு வாங்குது."

"எனக்கு என்னாடா தெரியும்?"

கலைமணி சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் திரும்பிக்கொண்டான். "செம்மண்டலத்துல எலி செத்துக் கெடந்த பெட்டி பாத்திருக்கேன். கட்டெறும்பு கூடு பாத்திருக்கேன். சாமி உள்ள போயி மூடி சிக்குனத இன்னைக்குத்தான் பாக்கறேன்."

ரேகாவுக்குக் கோபம் வந்தது. "சிரிக்காத மாமா. மங்கலத்தக்கா மேல ஏறியிருந்தா? நாலு பொம்பளைங்க உள்ள இருந்தாங்க."

பொன்னி தரையைப் பார்த்தாள். சுப்புராயன் அவளைத் திட்டுவார் என்று ரேகா நினைத்தாள். அவர் திட்டவில்லை. பொன்னியின் பக்கத்தில் போய் நின்றார்.

"வுடுடி. எனக்காவத்தான வச்ச. ஒன்னால எங்காலுக்கு நல்ல பேரு வந்துச்சே, அது போதும்."

அதற்குப் பிறகு அவர் உட்காரவில்லை. கலைமணி கூடவே நின்றார். கலைமணி பேட்டரி வயரைக் கழற்றி, நான்கு போல்ட்டையும் பிரித்து, அந்த உலோக வாயைக் கையில் எடுத்தான். கைக்கு அடக்கமாக, சொம்பின் கழுத்து மாதிரி இருந்தது. உள்ளே தட்டு சாய்ந்தபடி சிக்கி நின்றது. சுப்புராயன் விரலை விட்டுத் தள்ளப் போனார்.

"தொடாத மாமா! உள்ள பல்லு பிளாஸ்டிக்கு. கையால நெட்டுனா ஒடஞ்சிபூடும். ஊற வைக்கணும்."

மருந்தை அடித்தான். சிவப்பு கரைந்து கலைமணியின் மணிக்கட்டு வழியாக வழிந்து சொட்டியது. காத்திருந்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் ஓரத்தை மெதுவாகத் தேய்த்து, துணியால் ஒற்றி, மறுபடி அடித்தான். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. கடல் பக்கமிருந்து காற்றே இல்லை. பூவரச இலை ஒன்றுகூட ஆடவில்லை. இரண்டு பேருக்கும் பனியன் முதுகில் ஒட்டிக்கொண்டது.

அந்த நேரத்தில் மங்கலம் தலையில் கூடையோடு தெருவில் போனாள்.

"என்னா சுப்புராயண்ணே, கார ரெடி பண்றியா? சொல்லிட்டு வா. இந்தத் தபா நான் முன்னாடியே வாய்க்கால்ல எறங்கி நிக்கறேன்."

"மங்கலம், வா வா! வந்து பாரு! காலு இல்ல மங்கலம், வண்டிதான்! மச்சான் மிஷின் வச்சிக் கண்டுபுடிச்சிட்டான்!"

"எதுவா இருந்தா என்னா? எங்கொட்டா போனது போனதுதான?"

"வந்து கட்டித் தரேன். நானே வந்து கீத்து போடறேன்."

"நீ வந்து ஏறுனா மறுபடியும் கொட்டா வுழும். ஆளு வச்சிக் கட்டு," என்று சொல்லிக்கொண்டே போய்விட்டாள். சுப்புராயன் அதற்கும் சிரித்தார்.

கடைசியில் கலைமணி அந்த வாயைத் தூக்கிப் பிடித்துக் காட்டினான். உள்ளே பித்தளைத் தட்டு பளிச்சென்று இருந்தது. ஒரு மரக்குச்சியால் லேசாகத் தொட்டுவிட்டான். தட்டு சாய்ந்து, தன்னாலேயே டக்கென்று மூடிக்கொண்டது.

"ஸ்பிரிங் உசிரோட இருக்கு. மோட்டாரும் நல்லாருக்கும்னு நெனைக்கிறேன்."

மாட்டினான். வடிகட்டிப் பெட்டியைத் துடைத்து, புது வடிகட்டி போட்டான். மிஷினில் எதையோ அழித்து, வண்டிக்கு மறுபடி பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று சாவியைப் போட்டுப் போட்டு அணைத்தான். பிறகு ஸ்டார்ட் செய்தான். வண்டி கத்தவில்லை. மீட்டரில் மஞ்சள் விளக்கும் இல்லை. பூனை குறட்டை விடுகிற மாதிரி ஒரு சத்தம் மட்டும்.

சாப்பிட உட்கார்ந்தார்கள். இறாலும் கத்தரிக்காயும் போட்டுக் குழம்பு. சுப்புராயனுக்கு மட்டும் சோறு அளவாக. பக்கத்தில் கேழ்வரகுக் களி.

"ரேகா, அந்த காட்டுமன்னார்கோயில் ஆளுக்கு வரவேணாம்னு சொல்லிடு," என்றார்.

ரேகா சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். "ஏம்பா?"

"ஏன்னா? விக்கலன்னா விக்கலதான். எதுக்கு விக்கணும்? அன்னிக்கே வண்டின்னு தெரிஞ்சிருந்தா நீ வித்திருப்பியா?"

"வண்டி சரியாயிட்டா காலு சரியாயிடுமா? தெனமும் ராத்திரி நான்தான ஒங்காலுக்கு மருந்து போடறேன். முள்ளு குத்தியிருந்தாகூட நான் பாத்துச் சொன்னாத்தான ஒனக்குத் தெரியுது?"

"அது அடிக்காலு. மிதிக்கறது வேற. இத்தினி வருசமா மிதிக்கறேன், எனக்குத் தெரியாதா?"

"தெரியல, அதான சொல்றேன்."

"ஒங்கப்பன ஒக்காத்தி வச்சிடணும் ஒனக்கு. மூலையில ஒக்காந்து மாத்தர தின்னுட்டு, தெருவுல போற பஸ்ஸ எண்ணிகிட்டு கெடக்கணும்."

"ஒக்காரவா சொன்னேன்? உசுரோட இருன்னு சொன்னேன்." ரேகா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

பொன்னி யார் பக்கமும் பேசவில்லை. இன்றைக்கு அவளுக்குப் பேச வாய் இல்லை. கலைமணிதான் கை கழுவிக்கொண்டே சொன்னான்: "எப்பிடியும் ஓட்டிப் பாத்துதான் நான் வுட்டுட்டுப் போவணும். மூடி ரோட்டுல எப்பிடி மூடுதுன்னு தெரியணும்ல. மாமா, வா. நீயே ஓட்டு."

சுப்புராயன் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு சின்னப் பையன் மாதிரி கிளம்பினார்.

பிச்சாவரம் போகிற சாலையில் திருப்பினார்கள். இரண்டு பக்கமும் இறால் குட்டை. குட்டைக்குள் சக்கரங்கள் சுற்றித் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தன. உப்பு நாற்றமும் தீவன நாற்றமும் கலந்து வந்தது. ஆள் நடமாட்டம் இல்லை. கலைமணி இடதுபக்கம் மிஷினை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சுப்புராயன் மிதித்தார். மேலே எண் ஏறியது. கீழே எண் கூடவே ஏறியது.

"எப்பிடி?"

"நல்லாருக்கு மாமா. ஒட்டிகிட்டே போவுது."

"பாத்தியா, பேச்சு கேக்குது. இந்த வண்டி என்னிக்கும் எனக்குக் கெடுதல் பண்ணாது மச்சான். அவ வச்ச குங்குமம் அது கண்ண மறைச்சிடுச்சி, அவ்வளவுதான்."

கொஞ்ச தூரத்தில் ஆட்டு மந்தை ஒன்று சாலையைக் கடக்க இறங்கியது.

"ஆடு வருது. கால எடு மாமா, எப்பிடி அடங்குதுன்னு பாப்போம்."

"எடுத்துட்டேன்."

வண்டி அடங்கவில்லை. கலைமணி மிஷினைப் பார்த்தான். பிறகு சுப்புராயனின் முகத்தைப் பார்த்தான்.

"மாமா, கால எடு."

"எடுத்துட்டேன்னு சொல்றேன்ல! மறுபடியும் சிக்கிகிச்சா?"

கலைமணி மிஷினைக் கொஞ்சம் அவர் பக்கம் திருப்பினான். அவ்வளவுதான் செய்தான். சுப்புராயன் ஓரக்கண்ணால் பார்த்தார். கீழே எண் ஏறின இடத்திலேயே நின்றது. மேலேயும் அதே எண்தான்.

அவர் குனிந்து பார்த்தார். வெறுங்கால் மிதியின் மேல் கிடந்தது. யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி கிடந்தது. குதிகாலை நகர்த்தியிருந்தார், அது நிஜம். முன்பாதம் நகரவில்லை. இடுப்பிலிருந்து தொடையைத் தூக்கி இழுத்தார். கால் வந்தது. மிஷினில் இரண்டு எண்ணும் ஒன்றாக விழுந்து சைபரில் நின்றன. கண்ணால் பார்த்து, காலைப் பிரேக் மேல் வைத்து மிதித்தார். வண்டி பணிவாக நின்றது. முன்னால் ஆடுகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு கடந்து போயின. கடைசியில் வந்த குட்டி பம்பரை முகர்ந்து பார்த்துவிட்டு ஓடியது.

இஞ்சினை அணைத்தார். குட்டையில் சக்கரம் தண்ணீர் அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"இந்த மிஷினு பழசா மச்சான்?"

"இல்ல மாமா. இப்பத்தான் வாங்குனது."

சுப்புராயன் முழங்காலைக் கையால் தடவிக்கொண்டார்.

"அப்ப அன்னிக்கு?"

"அன்னிக்கு வண்டியும்தான் மாமா."

"வண்டியும்."

"ஆமாம். வண்டியும்."

சுப்புராயன் ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கையையும் வைத்து, அதன் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். அழவில்லை. களைத்துப்போய் நெற்றியைச் சாய்த்துக்கொண்ட மாதிரிதான் இருந்தது. ரயில்வே கேட்டுக்கு முன்னால் அன்றைக்கு எது முதலில் சிக்கியது என்பது இனிமேல் யாருக்கும் தெரியப்போவதில்லை.

"நான் யாருகிட்டயும் எதுவும் சொல்லமாட்டேன்," என்றான் கலைமணி. "வண்டி சரியாயிடுச்சி, அதான் என் வேல. மத்தது நீ என்னா சொல்றியோ அதான்."

அப்போது சட்டைப் பையில் போன் அடித்தது. ஜான்சி டீச்சர்.

"அண்ணே, போன் போட்டிருந்தீங்களே? பூசையில இருந்தேன்."

"ஆமாம் டீச்சர்."

"ரேகா இப்பத்தான் மெசேஜ் போட்டிருந்தா. வண்டியில கோளாறாம், ஒங்க மேல தப்பு இல்லியாம். நான் வேற அன்னிக்கு அவசரப்பட்டு என்னமோ சொல்லிட்டேன். மனசுல வச்சிக்காதீங்கண்ணே. பஸ்ல நசுங்கிப் போறோம். நாளைக்கே வண்டி எடுத்தாலும் நாங்க நாலு பேரும் வரோம்."

சுப்புராயன் கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆடுகள் மேடேறிவிட்டன. சாலை நேராக, காலியாக, வெயிலில் நெளிந்துகொண்டு கிடந்தது.

"பஸ்ல கூட்டம் ஜாஸ்தியா டீச்சர்?"

"ஜாஸ்திதாண்ணே. நின்னுகிட்டேதான் போறோம்."

"ஒண்ணு செய்யறேன். எனக்குத் தெரிஞ்ச நல்ல ஆளு ஒருத்தரு இருக்காரு, வண்டி வச்சிருக்காரு. பொறுமையா ஓட்டுவாரு. அவுர வரச் சொல்றேன். அப்பறம் டீச்சர், அன்னிக்கு நீங்க பாத்தது..."

"என்னாண்ணே?"

"ஒண்ணுமில்ல. நல்லா பாத்தீங்க. வச்சிடறேன்."

போனை வைத்தார். கதவைத் திறந்து இறங்கினார். வெறுங்காலோடு கொதிக்கிற தாரில் பானெட்டைச் சுற்றி நடந்து இடதுபக்கம் வந்தார். அவ்வளவு சூடும் அவருக்குத் தெரியவில்லை. கலைமணிதான், "மாமா, செருப்பு, செருப்பு" என்று பதறி, சீட்டுக்குக் கீழே கையை விட்டுத் துழாவினான்.

வீட்டு வாசலில் கார் வந்து நின்றபோது பொன்னி டீத்தம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். ஸ்டியரிங்கில் தம்பி உட்கார்ந்திருந்தான். அவள் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ரேகா உள்ளேயிருந்து வந்தாள், பார்த்தாள். மத்தியானம் அவ்வளவு பேசியவள், இப்போது போய் நாற்காலியை எடுத்து நிழலில் போட்டாள். இன்னொரு நாற்காலியையும் எடுத்து எதிரில் போட்டாள், கால் வைக்க.

ராமாமிர்தம் முன்னமே வந்து காத்திருந்தார். கையில் மஞ்சள் பை. அரிசித் தவிடு படிந்த மாதிரி நரைத்த மீசை. காரைச் சுற்றி வந்தார். டயரை உதைத்துப் பார்த்தார். புது விளக்கைத் தட்டிப் பார்த்தார். பானெட்டைத் தூக்கச் சொல்லி, இஞ்சின் ஓடுகிற சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. எம்மருமவன் ஓட்டப்போறாரு, அதான் கேக்கறேன்," என்று சுப்புராயனிடம் வந்தார். "மறைக்காம சொல்லுங்க. வித்துட்டா அப்பறம் நான் எங்கயோ, நீங்க எங்கயோ. கேட்டாண்ட ஒரு கடையில வுட்டுட்டீங்கன்னு பஸ்ஸ்டாண்டுல சொன்னாங்க. வண்டியில எதுனா கொற இருக்குதா?"

பொன்னி தலையைக் குனிந்துகொண்டாள். கலைமணி கைத்துணியை மடித்துக்கொண்டிருந்தான். ரேகா அப்பாவைப் பார்த்தாள்.

சுப்புராயன் கலைமணியிடமிருந்து சாவியை வாங்கினார். அதில் ஒரு பிளாஸ்டிக் மீன் தொங்கியது. அதைக் கழற்றி ரேகாவிடம் கொடுத்தார். வெறும் சாவியை ராமாமிர்தத்தின் கையில் வைத்தார்.

"வண்டியில ஒரு கொறையும் இல்லீங்க," என்றார்.

சொல்லிவிட்டு, செருப்பு காலில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டார்.